சி.எஸ்.ஆர். ரசீதும் முனைவர் படிப்பும்: 'சட்டமும் சமூகமும்' துறைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு

தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் புகாரோடு போகிறவர்களில் பலர் எஃப்.ஐ.ஆர். நகலோடு திரும்புவதில்லை. கையகலத்தில் ஒரு ரசீதோடு திரும்புவார்கள். சி.எஸ்.ஆர். என்பார்கள், மனு ரசீது என்றும் சொல்வார்கள். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை நிலையத்துக்குக் கூப்பிடுவார்கள். எதிர்த் தரப்பும் வரும், கூடவே ஊர்ப் பெரியவர் யாராவது வருவார். பேசுவார்கள், அதட்டுவார்கள், யாராவது அழுவார்கள். கடைசியில் 'இனிமேல் இப்படி நடக்காது' என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு தரப்பையும் அனுப்பி வைப்பதும் உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் மூன்று வருடம் ஜூனியராக இருந்த காலத்தில் இப்படி எழுதி வாங்கிய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சட்டக் கல்லூரியில் படித்தவர் இந்த ரசீதைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்பார்: இது செல்லுமா? பிடியாணை வேண்டாக் குற்றம், அதாவது நீதிமன்ற ஆணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம், என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டதே, குடும்பத் தகராறு போன்ற சிலவற்றில் மட்டும்தானே முன்விசாரணைக்கு இடம் வைத்தது, பிறகு எப்படி இது நடக்கிறது? நல்ல கேள்விதான். வக்கீலுக்கு இந்தக் கேள்வி போதும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். வேண்டாம், கூப்பிட்டு மிரட்டி மட்டும் விடுங்கள் என்று கேட்டு வருகிற பெண்கள் யார்? அந்த வெள்ளைத் தாளுக்கு நீதிமன்றத்தில் பெரிய மதிப்பு இல்லை என்று தெரிந்தும் அதை ஏன் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறார்கள்? இன்ஸ்பெக்டர் எந்தப் புகாரை ரசீதோடு நிறுத்துகிறார், எதை எஃப்.ஐ.ஆர். ஆக்குகிறார், அந்த முடிவில் சாதிக்கும் பணத்துக்கும் எவ்வளவு பங்கு? சட்டப் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் இதற்குப் பதில் கிடைக்காது. நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்தான் கிடைக்கும். இந்த இரண்டாவது வகைக் கேள்விகளுக்காக உருவானதுதான் 'சட்டமும் சமூகமும்' என்ற ஆய்வுத் துறை.

இந்தத் துறையில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கிற நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் கேள்வியை எழுதி அனுப்புகிறார்கள். மதிப்பெண்ணோ ஆங்கிலமோ குறைந்ததால் தோற்கிறவர்களைவிட இதனால் தோற்கிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்தாறு வருடமாக ஜூனியர்களின் விண்ணப்பங்களைப் படித்துக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

துறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் விண்ணப்பம் எழுதுவது சுலபமாகிவிடும். 1963இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துச் சட்டப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மக்காலே ஒரு கட்டுரை எழுதினார். ஒப்பந்தச் சட்டம் நடத்துகிற மனிதர், நேரே வியாபாரிகளிடம் போய் நீங்கள் ஒப்பந்தத்தை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். பெரும்பாலும் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் பதில். தகராறு வந்தால் போனில் பேசித் தீர்த்துக்கொள்கிறோம், வக்கீலைக் கூப்பிட்டால் உறவு கெட்டுப்போகும் என்றார்கள். நம் ஊர் மளிகை மொத்த வியாபாரியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். அடுத்த ஆண்டு, 1964இல், அமெரிக்காவில் 'சட்டம் மற்றும் சமூகச் சங்கம்' உருவானது. 1966இல் அதன் ஆய்விதழ் வரத் தொடங்கியது.

அந்த இதழில் 1974இல் மார்க் கலாண்டர் எழுதிய கட்டுரையை இன்றும் இந்தத் துறை மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். வசதி படைத்தவர்களே வழக்கில் ஏன் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டவர் அவர். வாழ்நாளில் ஒரு முறை நீதிமன்றப் படி ஏறுகிறவர், திரும்பத் திரும்ப வந்து போகிறவர் என்று வழக்காடுபவர்களை இரண்டாகப் பிரித்தார். இன்சூரன்ஸ் நிறுவனம் இரண்டாவது வகை, விபத்தில் கால் போனவர் முதல் வகை. திரும்பத் திரும்ப வருகிறவருக்கு ஒரு வழக்கில் தோற்றாலும் நஷ்டமில்லை. எந்த வழக்கைச் சமரசமாக முடிப்பது, எதை மேலே கொண்டுபோய்த் தனக்குச் சாதகமான தீர்ப்பு வாங்குவது என்று அவரால் தேர்ந்தெடுக்க முடியும். கலாண்டர் 1950களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து தீண்டாமை ஒழிப்புச் சட்டம், இட ஒதுக்கீடு பற்றியெல்லாம் ஆராய்ந்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தத் துறை வளர்ந்ததில் நம் நாட்டு வழக்குகளுக்கும் பங்கு உண்டு. ஆகவே விண்ணப்பிக்கும்போது வெளியாள் போலத் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

சரி, எங்கே விண்ணப்பிப்பது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் எஸ்.ஜே.டி., ஜே.எஸ்.டி. என்று ஒரு பட்டம் உண்டு. எல்.எல்.எம். முடித்தவர்கள் சட்டத்துக்குள்ளேயே மேலே படிப்பதற்கானது அது. பல இடங்களில் அங்கேயே எல்.எல்.எம். முடித்தவர்களுக்குத்தான் முன்னுரிமை. சட்டமும் சமூகமும் பி.எச்.டி. வேறு. அதில் சமூகவியல், வரலாறு, அரசியல், தத்துவம், பொருளாதாரம் எல்லாம் பாடமாக வரும். முதல் இரண்டு வருடம் வகுப்பு, அப்புறம் தகுதித் தேர்வு, அதன் பிறகு களப்பணியோ ஆவணப்பணியோ. எல்லாம் சேர்த்து ஐந்தாறு வருடம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வகைப் படிப்புக்கு முன்மாதிரி என்றால் பெர்க்லியைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சமூகவியலாளர் பிலிப் செல்ஸ்னிக் 1961இல் சட்டமும் சமூகமும் பற்றிய ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1970களின் பிற்பகுதியில் அங்கே 'நீதியியலும் சமூகக் கொள்கையும்' என்ற முனைவர் படிப்பு வந்தது. நடப்பது சட்டக் கல்லூரிக்குள், ஆனால் பாடம் எடுப்பவர்களில் வரலாற்றாசிரியரும் உண்டு, தத்துவக்காரரும் உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குற்றவியலும் சட்டமும் சமூகமும் சேர்ந்த ஒரு துறை இருக்கிறது. போலீஸ், சிறை, தண்டனை பற்றி ஆராய விரும்புகிறவர்களுக்கு அது பொருத்தமான இடம். கனடாவில் யார்க், கார்ல்டன் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் சமூக-சட்ட ஆய்வு மையம் 1972 முதல் இயங்குகிறது. அங்கே வகுப்புகள் குறைவு, காலமும் மூன்று நான்கு வருடம்தான். அதனாலேயே விண்ணப்பிக்கும்போதே முழு ஆய்வு முன்மொழிவு கேட்பார்கள்.

பெயரில் 'சட்டம்' இருக்கிற படிப்புகளை மட்டும் தேடாதீர்கள். நல்ல சமூகவியல் துறையோ மானுடவியல் துறையோ, அங்கே சட்டத்தை ஆராயும் இரண்டு பேராசிரியர்கள் இருந்தால் போதும். படித்து முடித்து வேலை தேடும்போது சமூகவியல் பட்டத்துக்கு வாசல்கள் அதிகம்.

இந்தியாவிலேயே படிக்க விரும்பினால் தில்லி ஜே.என்.யு.வில் சட்டமும் ஆளுகையும் பற்றிய ஆய்வு மையம் இருக்கிறது. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் சட்டத்தில் மட்டுமின்றிப் பல்துறை ஆய்விலும் முனைவர் பட்டம் உண்டு. பொதுவான விதி, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 நவம்பரில் கொண்டுவந்த ஒழுங்குமுறை. முதுநிலையில் 55 சதவீதம் வேண்டும், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம், அதற்கு மேல் 2 வருட நீட்டிப்பு. 2024 ஜூன் முதல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையே முனைவர் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தேர்வின் மூலம் தரும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண் 70, நேர்காணல் 30 என்ற கணக்கு. அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதை மறந்துவிட வேண்டாம். சட்டமும் சமூகமும் என்று நெட்டில் தனிப் பாடம் கிடையாது. சட்டத்திலோ சமூகவியலிலோ எழுத வேண்டும்.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். எனக்குத் தங்கை போன்ற ஒரு ஜூனியர், பி.ஏ., பி.எல். ஆனர்ஸ் முடித்து இரண்டு வருடம் கீழ்க்கோர்ட்டில் பிராக்டிஸ் செய்தவள், தன் நோக்க அறிக்கையை எனக்கு அனுப்பினாள். எஸ்.ஓ.பி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சிறு வயதிலிருந்தே நீதி மீது தனக்கு ஆர்வம் என்று தொடங்கியிருந்தாள். அடுத்து, இந்தியாவில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சரியாக அமலாகவில்லை. அடுத்து, நான்கு தீர்ப்புகள். கடைசிப் பத்தியில், இந்தச் சட்டத்தை எப்படித் திருத்த வேண்டும் என்று தன் ஆய்வு பரிந்துரைக்கும்.

ஐந்து வருடத்தில் நமக்குப் பழக்கிவிட்ட எழுத்து இது. பிரச்சினை, சட்டப் பிரிவு, தீர்ப்பு, பரிந்துரை. இதில் தவறு என்று எதையும் காட்ட முடியாது, ஆனால் ஆய்வு செய்ய மிச்சமும் எதுவும் இல்லை. முடிவு என்ன என்று முன்பே தெரிந்துவிட்டால் ஐந்து வருடம் உட்கார்ந்து எதைத் தேடப் போகிறோம்? தேர்வுக் குழுவும் இதைத்தான் கேட்கும்.

அவளிடம் போனில் பேசினேன். "உன் சேம்பரில் பார்த்ததில், இது ஏன் இப்படி நடக்கிறது என்று உனக்கே புரியாத ஒன்றைச் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "அக்கா, ஒரு அம்மா அஞ்சு சி.எஸ்.ஆர். ரசீது வச்சிருந்தாங்க. அஞ்சும் ஒரே புருஷன் மேல. அஞ்சு வருஷத்துல அஞ்சு. ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரேஷன் கார்டோட சேர்த்து வச்சிருந்தாங்க. கேஸ் போடலாம்மான்னு சொன்னா வேண்டாங்கிறாங்க. 'இது கையில இருக்கிற வரைக்கும் அவரு கை ஓங்க மாட்டாரு'ங்கிறாங்க. ஆனா அவரு அடிச்சதாலதானே அஞ்சு ரசீது?"

இதுதான் ஆய்வுக் கேள்வி. சட்டத்தின் பார்வையில் அந்த ரசீது வழக்கின் முதல் படிகூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு அது ஒரு காப்பு. சட்டத்தின் வலிமை என்று எதை நாம் நினைக்கிறோமோ, அது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் எப்படி வேலை செய்கிறது, எப்போது செய்யாமல் போகிறது? அவள் அந்தக் கவரிலிருந்தே அறிக்கையை மறுபடி எழுதினாள். சிறு வயது நீதி ஆர்வம் போய்விட்டது. தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன என்ற பின்னணி வந்தது. கலாண்டர் சொன்ன இரண்டு வகை ஆட்களில் இந்தப் பெண் எதில் சேர்வாள் என்று ஒரு பத்தி வந்தது. ஒரே நிலையத்துக்கு ஐந்து முறை போனவள், ஆனால் திரும்பத் திரும்ப வருபவருக்குக் கிடைக்கும் அனுகூலம் எதுவும் கிடைக்காதவள். ஏற்கெனவே இருக்கிற ஒரு கருத்தோடு உங்கள் ஊர் அனுபவம் எங்கே பொருந்தவில்லை என்று காட்டிவிட்டால், துறையைப் படித்திருக்கிறீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. பரிந்துரைப் பத்தி போய், எந்த இரண்டு நிலையங்களில், யாரிடம், என்ன கேட்பேன், அனுமதி கிடைக்காவிட்டால் என்ன செய்வேன் என்று வந்தது.

களப்பணி எல்லோருக்கும் ஒத்துவராது, அது கட்டாயமும் இல்லை. ஆவணக் காப்பகத்தில் உட்கார விரும்புகிறவருக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. சுயமரியாதைத் திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிதரும் சடங்கும் இல்லாத அந்தத் திருமணம் செல்லாது என்று 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லுபடியாக்கியது. இடையில் இருந்த 14 வருடங்களில், செல்லாது என்று தெரிந்தும் மாலை மாற்றிக்கொண்ட தம்பதிகள் சொத்தை எப்படி எழுதி வைத்தார்கள், பிள்ளைகளின் வாரிசுரிமைக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்? எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் பத்திரப் பதிவு அலுவலகங்களிலும் தேட வேண்டிய கேள்வி இது. 7ஏ கதை இன்னும் முடியவில்லை. வக்கீல் அறையில் நடக்கும் திருமணம் செல்லாது என்ற 2014ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2023 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொள்ளும் ஜோடி ஏன் கோயிலை விட்டு வக்கீல் அறையைத் தேடுகிறது என்று கேட்டால், அதுவே தனியாக ஒரு ஆய்வேட்டுக்குத் தாங்கும்.

எழுத்து மாதிரி என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். மூட் கோர்ட் என்ற மாதிரி நீதிமன்றப் போட்டிக்குத் தயாரித்ததை அனுப்பாதீர்கள், அது எவ்வளவு பரிசு வாங்கியிருந்தாலும் சரி. ஒரு பக்கம் நின்று வாதாடுவதுதான் அதன் வேலை. நீங்களே தனியாக எழுதிய இருபது பக்கக் கட்டுரை, பத்துப் பேரிடம் பேசி எழுதிய எல்.எல்.எம். ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம், இவை போதும்.

பரிந்துரைக் கடிதம்தான் நம் ஊர்க்காரர்களை அதிகம் கவிழ்க்கிறது. பேராசிரியர்கள் மனதார வாழ்த்திக் கொடுப்பார்கள், ஆனால் 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, வகுப்புக்குத் தவறாமல் வருவார்' என்று நான்கு வரியில் முடித்துவிடுவார்கள். படிக்கிறவருக்கு அந்த மாணவரின் சிந்தனை எப்படிப்பட்டது என்று ஒன்றும் தெரியாது. கேட்பதற்குக் கூச்சப்படாமல், அவரிடம் எழுதிய கட்டுரை எது, அதில் அவர் என்ன சொன்னார், வகுப்பில் எதைப் பற்றி அவரோடு வாதம் நடந்தது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். "ஐயா, உங்களுக்கு ஞாபகப்படுத்தத்தான்" என்று சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெரிய சீனியர் வக்கீலின் லெட்டர்பேடைவிட, உங்களை நன்றாகத் தெரிந்த ஒரு சாதாரண விரிவுரையாளரின் இரண்டு பக்கம் மேல். மூன்று கடிதம் கேட்கும் இடத்தில் குறைந்தது இரண்டு கல்வி சார்ந்தவர்களிடமிருந்து இருக்கட்டும்.

பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே எழுத வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கிலாந்து, கனடா, இந்தியா என்றால் எழுதுங்கள், வழிகாட்டி கிடைப்பதைப் பொறுத்தே இடம். அமெரிக்காவில் பெரும்பாலும் குழுதான் தேர்ந்தெடுக்கிறது, எழுதாவிட்டாலும் குறையில்லை. எழுதினால் ஐந்தாறு வரிக்குள் முடித்து, அவர் எழுதியதைப் படித்தபின் எழுந்த ஒரு கேள்வியை வையுங்கள்.

பணம் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் ஒரு விண்ணப்பத்துக்கே 100 டாலரைத் தாண்டிவிடும். எட்டு இடத்துக்குப் போட்டால் ஒரு ஜூனியர் வக்கீலின் பல மாத வருமானம். கட்டண விலக்கு கேட்டு மெயில் போடுங்கள், சில இடங்களில் கிடைக்கிறது. சேர்ந்துவிட்டால் நல்ல படிப்புகளில் கல்விக் கட்டணம் இருக்காது, உதவித்தொகை தருவார்கள், பதிலுக்கு இளங்கலை வகுப்புகளில் உதவி ஆசிரியராக வேலை செய்ய வேண்டியிருக்கும். ஆனால் 2025இல் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிதி நெருக்கடியால் முனைவர் இடங்களைக் குறைத்தன, சில துறைகள் ஒரு வருடச் சேர்க்கையையே நிறுத்தின. ஒரே நாட்டை நம்பி இருக்க வேண்டாம். இங்கே ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிந்தைய வருடங்களில் 42,000. இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் ஃபுல்பிரைட்-நேரு உதவியோடு 6 முதல் 9 மாதம் அமெரிக்காவில் போய் ஆய்வு செய்துவிட்டு வரலாம்.

ஒரு விஷயம் என்னால் ஆறாமல் இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022இல் அதன் விதிகளை மாற்றியபோது, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வுகள் ஆகிய தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்று எழுதிவிட்டார்கள். தன் சேரியில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அதையே ஆராய வெளிநாடு போக அந்தப் பணம் உதவாது. அந்தப் பிள்ளையைவிட வேறு யாருக்கு இந்தத் துறை தேவை? தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. தகுதியுள்ளவர்கள் அதன் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள்.

தேதிகள்: அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும், சில ஜனவரி முதல் வாரம் வரை போகும். பதில் பிப்ரவரி, மார்ச்சில் வரும். நிதியோடு இடம் கிடைத்தால் பொதுவாக ஏப்ரல் 15க்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஆங்கில வழியில் படித்திருந்தாலும் சில இடங்கள் டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். கேட்கும். ஜி.ஆர்.இ. என்ற பொதுச் சேர்க்கைத் தேர்வைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள், ஆனாலும் துறையின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அறிக்கையை ஜூலையில் எழுதத் தொடங்குங்கள். நல்ல அறிக்கை ஏழெட்டு முறை மாறும்.

அந்த ஜூனியருக்கு முதல் வருடம் எங்கும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அதே ஐந்து ரசீதோடு, இன்னும் கூர்மையாக எழுதி, ஒரு இடத்தில் நிதியோடு கிடைத்தது. இப்போது தகுதித் தேர்வு முடித்து ஊருக்கு வரத் தயாராகிறாள். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்துவிட்டது, இங்கே காவல் கண்காணிப்பாளரின் அனுமதிதான் பாக்கி. போன வாரம் அதற்கான மனுவைத் தமிழில் எழுதிப் போனில் படித்துக் காட்டினாள். 'பொருள்' என்ற இடத்தில் என்ன போடுவது என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.